கேரில் சர்ச்சிலின் ‘கிளவுட் நைன்’ நாடகத்தில் வேடமும் தன்னடையாளமும்

காலனிய ஆதிக்கம் அயல்நாட்டு மக்களை மட்டுமன்றி ஆள்வோரின் குடும்பத்தையும் கட்டுப்படுத்தியது என்பதை மேடையில் காட்டும் நாடகம், ஆங்கில நாடகாசிரியர் கேரில் சர்ச்சிலின் ‘கிளவுட் நைன்’. 1979ஆம் ஆண்டு ஜாயின்ட் ஸ்டாக் நாடகக்குழு அரங்கேற்றிய இந்நாடகம் இரண்டு அங்கங்களை உடையது. முதல் அங்கம் விக்டோரியா காலத்து ஆப்பிரிக்கக் காலனியிலும், இரண்டாவது 1979ஆம் ஆண்டின் இலண்டனிலும் நிகழ்கின்றன. இடையே ஏறத்தாழ நூறாண்டு கழிந்தாலும் பாத்திரங்களுக்குக் கூடும் வயது 25 மட்டுமே.

முதல் அங்கத்தில் குடும்பத்தலைவன் கிளைவின் மனைவி பெட்டியாக ஆண் நடிகரும், மகன் எட்வர்டாக நடிகையும், கறுப்பினப் பணியாள் ஜோஷுவாவாக வெள்ளையின நடிகரும் தோன்றுகின்றனர். மகள் விக்டோரியா வெறும் பொம்மையே. கணவன் விரும்பும் பெண்ணாக இருக்கப் பெட்டி முயல்கிறாள். எசமானர் விரும்பும் மனிதனாக இருக்க ஜோஷுவா முயல்கிறான். பொம்மையை நாடும் எட்வர்டோ ஆண்மகனுக்குரிய நடத்தை இன்மைக்காகக் கண்டிக்கப்படுகிறான். சமூகம் எதிர்பார்க்கும் உருவுக்கும் உள்ளத்துக்கும் இடையிலான விலகலை நடிகரின் உடலே புலப்படுத்துகிறது.

தெருக்கூத்திலும் பாய்ஸ் கம்பெனி நாடகங்களிலும் ஆண் பெண்வேடம் புனைவது அரங்க மரபு. அங்கு வேடத்தை ஏற்றுக்கொள்ளும் பார்வையாளர் உடலைப் பொருட்படுத்துவதில்லை. சர்ச்சிலிடமோ அவ்வுடலை மறவாதிருப்பதிலேயே பொருள் பிறக்கிறது.

இரண்டாம் அங்கத்தில் பெட்டியாக நடிகையும் எட்வர்டாக நடிகரும் தோன்றுகின்றனர். கிளைவைப் பிரிந்து, தன் உழைப்பால் பொருளீட்டும் பெட்டி, இறுதியில் பழைய பெட்டியைத் தழுவிக்கொள்கிறாள். எதிர்பார்ப்பின் வேடம் களைந்து தன்னை ஏற்றலின் குறியீடு இது.

ஆயின் ஜோஷுவாவுக்கு இத்தகைய தழுவல் வாய்க்கவில்லை. பிரித்தானியப் படையினரால் பெற்றோரை இழந்த அவன், முதல் அங்க முடிவில் கிளைவை நோக்கித் துப்பாக்கியை உயர்த்துகிறான், மேடை இருள்கிறது. இரண்டாம் அங்கத்தில் அவன் இல்லை. அங்குப் பேரரசின் நினைவாக எழுவது வட அயர்லாந்தில் மாண்ட பிரித்தானியப் படைவீரனின் ஆவியே.

பெண்ணடிமையும் இன அடிமையும் ஒத்தவை என்னும் கருத்தில் தொடங்கும் நாடகம், அவ்வொப்புமையின் எல்லையையும் இவ்வாறு தானே வெளிப்படுத்திவிடுகிறது. ஆள்வோர் குடும்பத்தினர் தம் அடையாளத்தை மீட்க இரண்டாம் அங்கம் இடமளிக்கிறது. ஆளப்பட்டவனின் கதையோ துப்பாக்கி உயர்ந்த கணத்தோடு நின்றுவிடுகிறது. பெட்டியின் விடுதலையை மட்டும் போற்றும் வாசிப்பு, இவ்விடைவெளியையும் கணக்கில் கொள்ளும்போதே முழுமை பெறும்.