வெரோ போர்டு: சூட்சுமம் வெட்டில் இருக்கிறது

கடையில் வெரோ போர்டு என்று கேட்டால் டாட் போர்டை எடுத்துக் கொடுப்பதும் உண்டு. காசு கொடுக்குமுன் திருப்பிப் பார்ப்பது நல்லது. செம்பு தனித்தனி வட்டங்களாக இருந்தால் அது வேறு சரக்கு. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை செம்புக் கோடுகள் இணையாக ஓடினால் அதுதான் வெரோ போர்டு. இங்கிலாந்தின் வெரோ நிறுவனம் அறிமுகப்படுத்தியது. இன்று யார் செய்தாலும் அதே பெயர்தான். துளைக்குத் துளை 2.54 மி.மீ.; ஐசி கால்களின் இடைவெளியும் அதேதான்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது எளிய சர்க்யூட்: ஹான்ஸ் காமென்சின்ட் வடிவமைத்து 1970-களின் தொடக்கத்தில் வெளிவந்த 555 டைமர், 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஓர் எல்இடி, 9 வோல்ட் பேட்டரி. கணக்குப்படி நொடிக்கு ஒருமுறை மினுக்க வேண்டும்.

பற்றவைக்க 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். ஈயத்தில்தான் கவனம் வேண்டும். வழக்கமான 60/40 ஈயம் 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190-ஐ நெருங்கும்போதுதான் முழுதாக உருகுகிறது. ஆறும்போது அந்தச் சில டிகிரி இடைவெளியில் கை அசைந்தால் ட்ரை சால்டர்தான். 63/37 ஈயத்துக்கு அந்த இடைவெளியே இல்லை; புதிதாகப் பழகுபவர்கள் அதை வாங்கலாம். ஒரு காலுக்கு இரண்டு மூன்று நொடி. அதற்குமேல் சூட்டை அழுத்திப் பிடித்தால் செம்புக் கோடே பலகையை விட்டுக் கழன்று வந்துவிடும்.

எல்லாம் பொருத்தி பேட்டரியை மாட்டியதும் எல்இடி எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. மினுக்கவில்லை.

555-இன் இரண்டு வரிசைக் கால்களும் அதே கோடுகளின்மேல் எதிரெதிராக உட்காருகின்றன. அதனால் ஐசிக்கு அடியில் நான்கு கோடுகளையும் வெட்டியாக வேண்டும், 4 மி.மீ. ட்ரில் பிட்டைத் துளையில் வைத்துக் கையாலேயே திருகினால் போதும். பேட்டரியைக் கழற்றிவிட்டு மல்ட்டிமீட்டரின் முனைகளை 2-ஆம் காலிலும் 7-ஆம் காலிலும் வைத்தபோது பீப் என்று கத்தியது. அங்கே 68 கிலோ ஓம் காட்டியிருக்க வேண்டும். பூதக்கண்ணாடியில் பார்த்தால், வெட்டிய துளையின் ஓரத்தில் தலைமுடி அளவு செம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அது 68 கிலோ ஓமைத் தாண்டிக் குறுக்குவழி போட்டதால் கெப்பாசிட்டர் 1 கிலோ ஓம் வழியாக மட்டுமே நிரம்பியிருக்கிறது. அதாவது எல்இடி மினுக்கத்தான் செய்தது, நொடிக்கு நூறு தடவைக்கு மேல்! கண்ணுக்குத்தான் பிடிபடவில்லை. பிளேடு முனையால் ஒரு கீறல். உடனே ஒழுங்காக மினுக்கத் தொடங்கியது.

இன்னொரு பொறி, பலகையைத் திருப்பினால் இடம் வலமாகிவிடுவது. வெட்ட வேண்டிய துளையில் மேலிருந்து ஒரு குண்டூசியைச் செருகிவிட்டுத் திருப்பினால் தப்பான துளையில் கை வைக்க வாய்ப்பில்லை.

ரேடியோ அலைவரிசை வேலைக்கு இந்தப் பலகை ஒத்துவராது. பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் தாமே சிறு கெப்பாசிட்டர்களாகிவிடுகின்றன. டைமர், அலாரம், சின்ன ஆம்ப்ளிஃபயர் போன்றவற்றுக்குத் தாராளமாக வாங்கலாம்.

இரண்டாவது பலகையில் முறை மாறியது. ஐசிக்கு பேஸ் வைக்க முடிவாயிற்று. முதலில் நான்கு வெட்டு. ஒவ்வொன்றின் இருபுறமும் மீட்டரை வைத்துப் பார்த்ததில் அது ஒருமுறைகூடக் கத்தவில்லை. அதற்குப் பிறகே சால்டரிங் அயர்னுக்கு ஸ்விட்ச் போடப்பட்டது.