எழுத்தால் எழுப்பிய நிலவறை

கருவி வளர்ந்தால் கலையும் வளரும் என்று நம்புவது இக்காலத்து மனப்பாங்கு. கறுப்பு வெள்ளைப் படம் வண்ணப்படமாயிற்று. வண்ணப்படம் வீட்டுக்குள் வந்தது. இன்றோ கணிப்பொறித் திரையில் புல்லின் நுனியில் நிற்கும் பனித்துளியையும் காட்டிவிட முடிகிறது. ஆயினும், படம் என்று சொல்லத்தக்க ஒன்றுமின்றி, கறுப்புத் திரையில் எழுத்துகளையும் புள்ளிகளையும் கோடுகளையும் மட்டுமே கொண்டு ஆடப்பெறும் ஆட்டங்கள் சில, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அழியாமல் வாழ்ந்து வருகின்றன. அவற்றுள் பலர் கூடி ஆடும் வகையும் உண்டு. அவை ஏன் வாழ்கின்றன என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டைப் பற்றி இலக்கிய மலரில் என்ன பேச்சு என்று அன்பர்கள் வினவலாம். எழுத்தை ஊடகமாகக் கொண்டு, படிப்பவரின் கற்பனையை நம்பி நிற்கும் எதுவும் திறனாய்வுக்கு உரியதே என்பது என் எண்ணம். இவ்வெண்ணம் எனக்கு நூலறிவால் வந்ததன்று. சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் ஓர் இரவு உணவு கொள்ள மறுத்துத் திரையின்முன் கலங்கி அமர்ந்திருந்தான். காரணம் கேட்டேன். "என்னைக் காப்பாத்த வந்தவர் செத்துட்டார் தாத்தா" என்றான். திரையில் நான் கண்டதோ புள்ளிகளுக்கிடையே ஒரு வெற்றிடம். அதுவரை அங்கே நின்றது, மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வருமே, அந்தச் சுழிக்குறி, அவ்வளவே. ஒரு குறி மறைந்ததற்கு ஒரு பிள்ளை ஏன் கலங்க வேண்டும்? அந்த வினாவுக்கு விடை தேடியதன் பயனே இச்சிறு கட்டுரை.

இவ்வகையின் மூலநூல் எனத்தக்கது 'ரோக்' என்னும் ஆட்டம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்து மாணவர்களாயிருந்த மைக்கேல் டாய், கிளென் விச்மன் ஆகிய இருவர் 1980ஆம் ஆண்டையொட்டி அதனை ஆக்கினர். பின்னர் பெர்க்லி வளாகத்தில் கென் அர்னால்டு அவர்களோடு சேர்ந்தார். திரையில் வேண்டிய இடத்தில் வேண்டிய எழுத்தை நிறுத்த உதவும் 'கர்சஸ்' என்னும் நிரல் தொகுப்பு அர்னால்டு இயற்றியது. 1983இல் பெர்க்லி யூனிக்ஸ் 4.2ஆம் பதிப்போடு சேர்ந்து ரோக் பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவிற்று. ஆட்டத்தின் கதை எளியது. வீரன் ஒருவன் நிலவறைக்குள் நிலை நிலையாக இறங்குகிறான். 26ஆம் நிலையிலோ அதற்குக் கீழோ கிடக்கும் தாயத்தை எடுத்துக்கொண்டு மேலே மீள வேண்டும். அவன் சுழிக்குறி. எதிர்ப்படும் கொடிய உயிர்கள் ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகள்.

ஒரே கதையை ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்வதுபோல, இம்மூலத்திலிருந்தும் இதன் சாயலிலும் கிளைகள் பல தோன்றின. 1982இல் 'ஹேக்' பிறந்து, 1984இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஆண்ட்ரீஸ் பிரவர் திருத்தி வெளியிட்ட வடிவில் உலகெங்கும் சென்றது; 1987இல் அதுவே 'நெட்ஹேக்' ஆயிற்று. மற்றொரு கிளையில், 1983இல் ஓக்லஹோமாப் பல்கலைக்கழகத்தில் 'மோரியா' தோன்றிற்று. அதன் வழியாக 1990இல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் 'ஆங்பேண்ட்' எழுந்தது. ஆங்பேண்டைப் பலர் ஒருங்கே ஆடும்படி மாற்றியமைத்த 'எம்-ஆங்பேண்ட்' 1990களின் பிற்பகுதியில் வந்தது. மூலநிரல் பலர் கைக்கும் எட்டியதால் ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர்ந்தார். ஏட்டுச் சுவடிகளில் பாடபேதம் தோன்றியதுபோல இங்கும் பேதங்கள் தோன்றின. பேதம் பெருகிய நூல், பலரால் படிக்கப்பெற்ற நூல் என்பதை நாம் அறிவோம்.

இனி, எழுத்தின் பங்கு யாது? நம் மொழியில் 'எழுதுதல்' என்னும் வினை வரிவடிவத்துக்கு மட்டும் உரியதன்று. மையும் எழுதுவர், தொய்யிலும் எழுதுவர், ஓவியமும் எழுதுவர். பரிபாடலில் திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபம் 'எழுத்து' என்னும் சொல்லாலேயே சுட்டப்பெறுகிறது. ஆகவே எழுத்தே படமாவது நம் காதுக்குப் புதிதன்று. இதனைக் காட்டி, இவ்வாட்டம் நம் முன்னோர் கண்டது என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. அத்தகைய பெருமை நமக்கு வேண்டுவதுமில்லை. ஒன்றை விளங்கிக்கொள்ள நம் சொல்லே நமக்கு உதவுகிறது என்பதே நான் கூறுவது.

நெட்ஹேக்கில் 'டி' என்னும் பெரிய எழுத்து திரையில் தோன்றினால் அது பறக்கும் நாகம். எழுத்து இனத்தைக் குறிக்கும்; நிறம் வகையைக் குறிக்கும். செந்நிற 'டி' தீயை உமிழும்; வெண்ணிற 'டி' பனியை உமிழும். தேர்ந்த ஆட்டக்காரன் அவ்வெழுத்தைக் கண்டவுடன் நெஞ்சு திடுக்கிடுவான். சிறகும் பல்லும் செதிலும் திரையில் இல்லை. அவன் உள்ளத்தில் இருக்கின்றன. தீட்டி முடித்த படம், காண்பவனுக்கு வேலை வைப்பதில்லை. ஆதலின் நாட்பட அது பழகிச் சலித்துவிடுகிறது. குறியோ ஒவ்வொரு முறையும் படிக்கப்பட வேண்டும். படிக்குந்தோறும் புதிதாகும். இவ்வாட்டங்களுக்குப் படச்சில்லுகள் செய்து ஒட்டிய பதிப்புகளும் உண்டு. அவை கிடைத்த பின்னும் எழுத்தையே விரும்பி ஆடுவோர் குறையவில்லை என்றால், அது பழமைப் பற்று மட்டுமன்று. ஒரே பார்வையில் நிலவறை முழுதும் அவர்களுக்குப் பொருள்படுகிறது. கோலத்தின் புள்ளியையும் இழையையும் பழகிய கண் ஒருசேரக் காண்பது போன்றது அது.

இவ்வகைக்கு இன்றியமையாத இலக்கணங்கள் வேறு இரண்டு உண்டு. நிலவறை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணிப்பொறியால் அமைக்கப்படும்; நேற்றைய வழி இன்று இராது. இறந்தால் இறந்ததே, சேமித்து வைத்த இடத்திலிருந்து மீளத் தொடங்க வழியில்லை. ஆகவே ஒவ்வோர் அடியும் எண்ணி வைக்க வேண்டியதாகிறது. மனப்பாடம் இங்கே உதவாது, பட்டறிவே உதவும். மீள முடியாத செயலுக்குத்தான் பொருள் உண்டு என்னும் பழைய உண்மையை, ஆணை பிறப்பிக்காமலும் அறம் உரைக்காமலும் இவ்வாட்டம் உணர்த்திவிடுகிறது.

ஆனால் இது தனிமையின் கலை. ஒருவன், ஒரு திரை, ஒரு சாவு. இத்தனிமைக்குள் மற்றவர் எவ்வாறு நுழைந்தனர் என்பதே என்னை மிகவும் ஈர்த்த பகுதி. மூன்று வழிகளைக் காண்கிறேன்.

முதல் வழி எச்சம். நெட்ஹேக்கில் ஒருவன் இறந்த நிலை சில வேளைகளில் அப்படியே காக்கப்பெறும். அதே கணிப்பொறியில் பின்னர் ஆடுகின்ற வேறொருவன் அந்நிலைக்குள் கால்வைத்தால், முன்னவனின் ஆவியையும் அவன் விட்டுச்சென்ற உடைமைகளையும் காண்பான். அவ்வுடைமைகளிற் பெரும்பாலானவை சாபம் ஏறியவை. எனினும் அவற்றால் உயிர் பிழைத்தோரும் உண்டு. இதே ஆட்டத்தின் சுரங்க ஊரில் விளக்குக் கடை வைத்திருப்பவர் பெயர் எப்போதும் இட்சாக். ஆட்டத்தை ஆக்கிய குழுவில் இருந்து 1994இல் மறைந்த இட்சாக் மில்லரின் நினைவாக அக்கடைக்காரர் அங்கே நிற்கிறார். நடுகல் நாட்டுவதும் ஒருவகை எழுத்துப்பணியே என்பதை இவ்விடத்தில் உணர்ந்தேன்.

இரண்டாம் வழி சாட்சி. பொதுக் கணிப்பொறிகளில் நெட்ஹேக் ஆடுவோரைப் பிறர் தம் வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாம். திரை வெறும் எழுத்தாதலின், மெதுவான தொலைபேசி இணைப்பின் வழியாகவும் அது ஓடும். பார்த்திருப்பவர் ஒரு செய்தி அனுப்பினால், நிலவறைக்குள் அஞ்சற் பூதம் ஒன்று ஓடிவந்து மடலாக அதனை ஆட்டக்காரனிடம் கொடுத்துச் செல்லும். வெளியுலகின் அன்பை ஆட்டத்தின் மொழியிலேயே மொழிபெயர்த்துக்கொண்ட இந்நயம் பாராட்டத்தக்கது.

மூன்றாம் வழியே முழுமையான கூட்டு. எம்-ஆங்பேண்டில் பலர் ஒரே உலகில், ஒரே ஊரில் வாழ்கின்றனர், வீடு வாங்குகின்றனர், கூடி நிலவறைக்குள் இறங்குகின்றனர். இங்கே ஒரு பெரிய இடர் எழுந்தது. தனியாட்டத்தில் வீரன் அடிவைக்கும்வரை உலகம் காத்திருக்கும். விசையை அழுத்துமுன் ஒரு மணி நேரமும் எண்ணலாம். பலர் ஆடும்போது யாருக்காக யார் காத்திருப்பது? ஆகவே காலம் தானே ஓடலாயிற்று. எண்ணி ஆடும் அமைதி குறைந்து, விரைந்து ஆடும் பதற்றம் புகுந்தது. இஃது இழப்பே, மறைப்பதற்கில்லை. சதுரங்கத்தைச் சடுகுடுவாக்கியதுபோல் என்று ஒருவர் குறைகூறினால் நான் மறுத்துரைக்க மாட்டேன்.

அவ்விழப்புக்கு ஈடாகக் கிடைத்தது யாது? இறப்பின் பொருள் மாறிற்று. இவ்வாட்டத்தில் இறந்தவன் ஆவியாகிறான். வேறோர் ஆட்டக்காரன் உயிரளிக்கும் சுருளைக் கையிலேந்தி அவன் கிடக்குமிடம் தேடிவந்து படித்தால், மீண்டும் எழுவான். தனியாட்டத்தில் மீட்சி இல்லை. இங்கே மீட்சி உண்டு, அது பிறர் கையாலும் வரும். சுருளைச் சுமந்து ஆழத்துக்கு இறங்குபவர் தம் உயிரையும் பணயம் வைத்தே இறங்க வேண்டும். ஆவியாகும் வாய்ப்பே வேண்டாம் என்று தொடக்கத்திலேயே துறந்து ஆடுவோரும் உளர். அவர்கள் இறந்தால் மீளவே மாட்டார்கள். என் பேரனுக்காக இறங்கி வந்தவர் அத்தகையவர். முகம் அறியார், ஊர் அறியார், மொழியும் ஒன்றன்று. பல வாரங்கள் பேணி வளர்த்த தம் வீரனை, அறியாத ஒரு சிறுவனுக்காக அவர் இழந்தார். பேரன் கலங்கியது ஒரு குறி மறைந்ததற்கன்று. தனக்காக ஒருவர் செலவிட்டுவிட்ட, திருப்பித் தர இயலாத ஒன்றுக்காக. அதனை அவன் உணர்ந்தான் என்பது எனக்கு மகிழ்ச்சியே அளித்தது.

குறைகளையும் கூறுதல் திறனாய்வாளன் கடன். இவ்வாட்டங்கள் புதியவரை அன்போடு வரவேற்பதில்லை. விசைப்பலகையின் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கட்டளை. சிறியதும் பெரியதும் வெவ்வேறு. அறியாமல் செய்த ஒரு சிறு பிழைக்காக நெடும் உழைப்பு அழியும். உள்ளே இருப்போர் இவ்வருமையையே பெருமையாகக் கொண்டு வேலி கட்டிக்கொள்வதும் உண்டு. நமக்கு உறைக்கும் குறை மற்றொன்று. திரை சம அளவுக் கட்டங்களாகப் பிரிக்கப்பெற்றது; ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. கொம்பும் காலும் இருபுறமும் அணைத்து நிற்கும் 'கொ' போன்ற நம் எழுத்து அக்கட்டத்துள் அடங்குவதில்லை. ரோமன் எழுத்தின் அளவுக்கு வெட்டப்பெற்ற வீடு அது. தமிழெழுத்து நிற்கும் நிலவறையை எவரேனும் கட்ட வேண்டுமாயின், கட்டத்தையே மாற்றிக் கட்ட வேண்டும். நம் இளைஞருள் பொறியியல் கற்றோர் பலர். அவர்கள் கருத்துக்கு இதனை விடுக்கிறேன்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் இல்லங்களில், பிள்ளைகள் திரையின்முன் அமர்ந்திருப்பதைக் கண்டு மனம் நோவதும் கடிவதும் அன்றாட நிகழ்ச்சி. கடிய வேண்டியவை உண்டு, நான் மறுக்கவில்லை. ஆயினும், கடியுமுன் அருகில் அமர்ந்து, "இந்த எழுத்து என்ன? அது ஏன் சிவப்பாயிருக்கிறது?" என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். நான் கேட்டேன். அன்றிரவு பதினொரு மணிவரை என் பேரன் எனக்கு எழுத்து அறிவித்தான். அவனுக்கு 'அ'னா 'ஆ'வன்னா அறிவித்த எனக்கு அது நல்ல மாற்றாகவே இருந்தது. பிறகு இருவரும் சோறுண்டோம். மறுநாள் காலையில் அவன் புதியதொரு வீரனோடு ஊரில் காத்திருந்தான். கையில் உயிர்ச்சுருள் ஒன்று வைத்திருந்தான். யாருக்கென்று வினவினேன். "யாருக்காவது வேணும் தாத்தா" என்றான்.