இடித்த பிறகு தொடங்கும் விவாதம்

2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில், போரின் இறுதியில் மாண்டவர்களின் நினைவாக நின்ற முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் வாயிலில் திரண்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். 11ஆம் திகதி காலையில் துணைவேந்தரே வந்து புதிய தூபிக்கு அடிக்கல் நாட்டினார். வடக்கும் கிழக்கும் அன்று கதவடைப்பில் இருந்தன. ஏப்ரலில் தூபி மீண்டும் எழுந்தது. இது மாணவரின் வெற்றி, அதில் ஐயமில்லை. ஆனால் இடித்ததும் சரி, கட்ட இணங்கியதும் சரி, நெருக்கடியில் எடுத்த முடிவுகள். வளாகம் கூடிப் பேசி எடுத்த முடிவுகள் அல்ல.

இடிப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. அனுமதியற்ற கட்டுமானம் என்பது ஒன்று. அனுமதிதான் சிக்கலென்றால் அறிவித்தல் கொடுத்துப் பகலில் பேசியிருக்கலாம். இரவில் இயந்திரம் கொண்டுவரத் தேவையில்லை. வடக்கு, தெற்கு மாணவரின் ஒற்றுமைக்கு இடையூறு என்பது மற்றது. இதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. 2016 ஜூலையில் அதே பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில், வரவேற்பு நிகழ்வில் கண்டி நடனம் சேர்ப்பது குறித்துத் தமிழ், சிங்கள மாணவர் மோதிக்கொண்டார்கள். ஆனால் ஒற்றுமையே அளவுகோல் என்றால், கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் நிற்கும் இராணுவ வெற்றிச் சின்னங்களையும் அதே கோலால் அளக்க வேண்டும். அவற்றை யாரும் அளக்கவில்லை.

கூடிப் பேசி முடிவெடுத்த வளாகமும் உண்டு. தென்னாபிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் காலனியவாதி சிசில் ரோட்ஸின் சிலைக்கு எதிராக 2015 மார்ச் 9இல் போராட்டம் தொடங்கியது. ஒரு மாதம் கூட்டங்கள் நடந்தன. மூதவையும் பேரவையும் கூடி முடிவெடுத்தன. ஏப்ரல் 9இல் ஊரறிய, பட்டப்பகலில் சிலை இறக்கப்பட்டது. விவாதத்தின் பலம் இது: நிறுவனம் தன் வரலாற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியதாகிறது. அதற்கு எல்லையும் உண்டு. மறு ஆண்டு பெப்ரவரியில் அங்கேயே மாணவர்கள் ஓவியங்களை எரித்தபோது, கறுப்பின ஓவியர் ஒருவரின் படைப்புகளும் தீயில் போயின. பேச்சு ஓய்ந்த இடத்தில் கோபத்துக்கு ஆள் தெரியவில்லை.

எனினும் கேப் டவுன் நமக்கு நேர்ச் சான்று அல்ல. ரோட்ஸ் ஆண்டவர்; முள்ளிவாய்க்கால் தூபி மாண்டவர்களுக்கானது. ஆண்டவரின் சிலை வேண்டுமா என்று வாக்கெடுக்கலாம். ஒரு தாய் தன் பிள்ளையை நினைக்கலாமா என்று வாக்கெடுக்க முடியாது. 'இரு தரப்பும் பேசட்டும்' என்பது நியாயமாக ஒலிக்கும். ஒரு தரப்பின் பின்னால் அரசு நிற்கும்போது அந்தப் பேச்சில் சமநிலை இல்லை.

கிழக்கில் கேள்வி இன்னும் கடினம். மட்டக்களப்பு மாவட்டத்தின் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1990 செப்டெம்பர் 5இல், அப்போது அகதிமுகாமாக இருந்த அந்த வளாகத்திலிருந்து இராணுவம் 158 பேரைக் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவில்லை. அதற்கு முந்திய மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களையும் ஏறாவூர் முஸ்லிம்களையும் விடுதலைப் புலிகள் கொன்றார்கள். இன்று இவ்விரு துயரங்களின் வாரிசுகளும் ஒரே விரிவுரை மண்டபத்தில் இருக்கிறார்கள். காத்தான்குடியைக் காட்டி வந்தாறுமூலையின் நினைவை மறுப்பது சூழ்ச்சி. வந்தாறுமூலையை மட்டும் நினைத்துக் காத்தான்குடியை மறப்பதோ நமக்கு நாமே செய்யும் மோசடி.

எனவே பிரித்துப் பார்க்க வேண்டும். இறந்தோரை நினைக்கும் உரிமை விவாதப் பொருளல்ல. எந்த நிருவாகத்துக்கும் அதைப் பறிக்கும் அதிகாரம் இல்லை. கல்லில் என்ன எழுதுவது, அருகே வேறு யாருடைய இழப்புக்கு இடம் தருவது, வகுப்பில் அதை எப்படிக் கற்பிப்பது ஆகியவையே விவாதிக்க வேண்டியவை. யாழ்ப்பாணத்தில் தூபி மீண்டதோடு இந்தக் கேள்விகள் தீர்ந்துவிடவில்லை. அவற்றை எழுப்ப இன்னொரு இடிப்புக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.