ஒரு கிளிக் உள்ளே

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட வந்திருக்கும் பைக்குகளின் முன் ஃபோர்க்கைக் குனிந்து பாருங்கள். பளபளக்கும் குழாயைச் சுற்றி, ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக் ஒன்று இருக்கும். லட்ச ரூபாய் ஷாக் போட்டவர்களும் கடைசியில் நம்புவது இந்த ஒற்றை ரூபாய்ச் சாட்சியைத்தான். ஃபோர்க் அமுங்கினால் டேக்கும் நகரும். ஃபோர்க் நிமிர்ந்தாலும் டேக் திரும்பாது. நேர்ப்பாதை முடிவில் பிரேக்கை அழுத்தியபோது ஃபோர்க் எதுவரை இறங்கியது என்பதை வண்டி உள்ளே வந்தபிறகும் காட்டிக்கொண்டிருக்கும். சுமார் 120 மி.மீ. ஓட்டத்தில் கடைசிக் கொஞ்சம் மிச்சமிருந்தால் நல்லது. மிச்சமே இல்லையென்றால் ஃபோர்க் அடியில் முட்டுகிறது.

ரேஸ் சூட், ஹெல்மெட்டோடு ஆள் ஏறி உட்கார்ந்தால் முன்பக்கம் 30 முதல் 35 மி.மீ. வரை அமுங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதற்குத்தான் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் ப்ரீலோட் திருகு. அதைத் திருகினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். ஆகாது, வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். 50 கிலோ ஆளுக்குப் பொருந்திய ஸ்பிரிங் 90 கிலோ ஆளுக்குச் சரிவரவில்லை என்றால், ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டியதுதான்.

நான் சொக்கிப்போவது ரீபவுண்டில். அமுங்கிய ஸ்பிரிங் எகிறி நிமிரத் துடிக்கும். உள்ளே எண்ணெய் சிறு துளைகளில் நெருக்கிக்கொண்டு, மெல்லிய உலோக வட்டுகளை வளைத்துக்கொண்டு போவதால்தான் அந்தத் துடிப்பு அடங்குகிறது. வாளியைக் கிணற்றில் இறக்கும்போது கயிற்றைக் கைக்குள் நழுவவிடுகிற பக்குவம் இது. பிடி தளர்ந்தால், பிரேக்கை விட்ட நொடியே முன்பக்கம் எழும்பி, வண்டி வளைவின் வெளிவிளிம்பை நோக்கி ஓடும். பிடி இறுகினால், ஒரு மேட்டில் அமுங்கியது நிமிர்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அமுங்கி அமுங்கி, ஷாக்கில் ஓட்டமே இருக்காது. இரண்டுக்கும் நடுவே சில கிளிக்குகள்தான்.

அந்தக் கிளிக்கை எண்ணுவதும் தனி ருசி. ரீபவுண்ட் திருகை முழுக்க மூடி, அங்கிருந்து வெளியே எண்ண வேண்டும். ஸ்க்ரூடிரைவரில் வரும் சின்னத் தட்டு காதைவிட மணிக்கட்டுக்கு நன்றாகத் தெரியும். பழைய எண்ணிக்கையை எழுதிவைக்காமல் திருகுகிறவரை நான் நம்புவதில்லை. இரண்டு திருகை ஒரே நேரத்தில் தொடுகிறவரையும்தான். எது வேலை செய்தது என்று அவருக்கே தெரியாது.

ஒரு காலத்தில் பெரிய வெளிநாட்டு பைக்குகளுக்கே வாய்த்த சுகம் இது. 2021இல் ஓசூர் டிவிஎஸ், அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு ப்ரீலோட், ரீபவுண்ட், அமுங்கும் வேகத்தை அடக்கும் கம்ப்ரஷன் என மூன்றையும் திருகிக்கொள்ளும் சஸ்பென்ஷனை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது.

ஆனால் இந்த ஊர் வெயிலும் ஒரு திருகுதான். சூடேறினால் எண்ணெய் இளகும். காலையில் கச்சிதமாக இருந்த ரீபவுண்ட் மதியத்தில் தளர்ந்துவிடும். அப்போது ஒரு கிளிக் உள்ளே. சாயங்காலம் மறக்காமல் ஒரு கிளிக் வெளியே.