ஒர்வியெற்றோ நகரத்து மட்சாடி

இத்தாலிய மட்கலக் கலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலர், 13ஆம், 14ஆம் நூற்றாண்டுக் கலங்களை அக்கலையின் மழலைப் பருவத்தனவாகவே கொள்வர். மறுமலர்ச்சிக்கால ஓவியத் தட்டுக்களே அதன் நிறைநிலை என்பது அவர்தங் கருத்து. முற்பட்ட கலங்களுக்கு வழங்கும் 'தொன்மை மயோலிக்கா' என்னும் பெயரிலேயே இத்தீர்ப்பு அடங்கிக் கிடக்கின்றது. இது பொருந்துமா என்பதை உம்பிரியா மாநிலத்து ஒர்வியெற்றோ நகரச் சாடிகளைக் கொண்டு ஆராய்தல் தகும்.

இவ்வகைச் சாடியின் அடி சிறிது, வயிறு பருத்தது, வாய் மூவிதழாகக் கிள்ளிவிடப்பட்டது, பின்புறத்தே பட்டையான கைபிடி அமைந்தது. புறத்தே வெண்பூச்சு, அதன்மீது பறவை, விலங்கு, இலை முதலியவற்றின் உருவங்கள். இவற்றின் வரை மங்கனீசின் கருங்கபிலம். நிரப்பியது செம்பின் பசுமை. அகத்திலும் அடியிலுமோ வெண்பூச்சு இல்லை. ஈய மெருகு மாத்திரமே உண்டு. வெள்ளீயம் விலை மிக்கதாகலின், கண்படும் இடத்திற்கே அதனைக் குயவன் செலவிட்டான்.

அவ்வெண்மைக்கு நெடிய வரலாறு உண்டு. 9ஆம் நூற்றாண்டில் ஈராக்கு நாட்டுக் குயவர், சீனத்து வெண்ணிற மட்கலங்களைக் கண்டு வியந்தனர். அந்நாட்டு வெண்களி தமக்குக் கிட்டாமையின், ஈய மெருகில் வெள்ளீய ஒட்சைட்டைக் கலந்து அந்நிறத்தைப் பெற்றனர். ஈழத்து மாந்தைத் துறையின் அகழ்விற் சீனக் கலவோடுகளும் இஸ்லாமிய நாட்டுக் கலவோடுகளும் கிடைத்தமை, அக்கால வணிகத்தின் பரப்பினைக் காட்டும். பின்னர் அவ்வித்தை மத்தியதரைக் கடல்வழி மேற்கே பரந்தது. பீசா நகரத் தேவாலயச் சுவர்களிற் பதிக்கப்பெற்ற இஸ்லாமிய நாட்டுக் கிண்ணங்கள், இத்தாலியர் அக்கலங்களை எத்துணை மதித்தனர் என்பதற்குச் சான்றாகும்.

இனி, ஓவியத்தை நோக்குவாம். ஒருமுறை சுட்ட கலத்தை மெருகுக் கரைசலில் தோய்த்து, உலர்ந்த அப்பூச்சின்மீது வண்ணந் தீட்டி மீண்டுஞ் சுடுவர். உலர்ந்த பூச்சுத் தூரிகையின் நீரைத் தொட்டவுடன் உறிஞ்சிவிடும். இட்ட கோட்டை எளிதில் அழித்துத் திருத்தல் இயலாது. மேலும், செம்பின் பசுமை சூளையில் உருகிப் பரவும் இயல்பினது. மங்கனீசு பெரிதும் இட்ட இடத்தே நிற்பது. ஆகவே, ஓவியன் தடித்த கபில வரையை எல்லையாகக் கோலிப் பசுமையை அதனுள் அடக்கினான். திறனாய்வாளர் சிலர் முரடு என இகழ்வது இவ்வரையையே. அது பொருளின் இயல்பறிந்து பிறந்த ஒழுங்கு. பறவையின் மார்பு சாடியின் வயிற்றோடு பருத்தும், வால் கைபிடியை நோக்கி வளைந்தும் அமையுமிடத்துக் கலமும் ஓவியமும் ஒன்றாகின்றன.

16ஆம் நூற்றாண்டில் ஊர்பினோ நகரத்து நிக்கோலா, சான்றோ அவெல்லி முதலியோர் தீட்டிய தட்டுக்களில் இவ்வொருமை குறைந்தது. இரபேலின் சித்திரங்களைத் தழுவிய அச்சுப்படங்களைத் துணையாகக் கொண்டு, கதைக்காட்சிகளைத் தட்டின் விளிம்புவரை நிரப்பினர். அவர்தங் கைத்திறன் பெரிது. வண்ண வளமும் பெரிது. ஆயினும், அக்காட்சி சுவரிலும் இருக்கலாம், தாளிலும் இருக்கலாம். தட்டில் இருத்தற்கு இன்றியமையாக் காரணம் இல்லை.

ஒர்வியெற்றோச் சாடிகளிற் குறையே இல்லை என்பதன்று. வெற்றிடமெங்கும் குறுக்குநெடுக்காகக் கீறிய கோடுகள் சிலவற்றில் உருவத்தையே விழுங்கிவிடுகின்றன. இன்னுமொன்று: இவை பெரும்பாலும் அந்நகரப் பாறைகளிற் குடைந்த குப்பைக் குழிகளிலிருந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடுகளாகவே வெளிப்பட்டன. அவற்றை விற்போர் ஒட்டியும், குறைந்த இடத்திற் புதிது தீட்டியும் முழுச்சாடிகளாக்கினர், போலிகளும் எழுந்தன. ஆதலின், முழுமை கண்டு மயங்காது பழைய ஓட்டினைப் புதிய பூச்சினின்றும் பிரித்தறிதல் திறனாய்வாளனின் முதற்கடன்.

பின்வந்ததே சிறந்தது என்னுங் கொள்கை, கலையை ஏணிப்படியாக எண்ணுவதன் விளைவு. நீர் வார்க்கவும் மது வார்க்கவும் வனைந்த கலத்தை அதன் பயன், பொருள், வடிவு என்னும் மூன்றுங்கொண்டே அளத்தல் வேண்டும். அவ்வளவையிற் பெயரளவிலே தொன்மையான இச்சாடி, பின்வந்த ஓவியத் தட்டுக்கு எவ்வாற்றானுந் தாழ்ந்ததன்று.