அசைவின்மையின் விலை

அணிவகுத்துப் பறக்கும் சிறு விமானங்களை வானிலேயே எடுத்த புகைப்படங்களின் அழகு, அவற்றின் அசைவின்மையிலே தங்கியுள்ளது என்பர். அவ்வசைவின்மை வெறுந் தோற்றமே. படமெடுப்பவரைச் சுமக்கும் விமானமும் படமாகும் விமானமும் ஒரே வேகத்தில் விரைவதாலேயே அது விளைகின்றது. 1/1000 செக்கனில் எடுத்த படத்தில் முன்விசிறி உறைந்து, விமானம் நூலில் தொங்கும் பொம்மையாகின்றது. 1/125 செக்கனிலோ விசிறி மங்கிய வட்டமாகி, வேகத்துக்குச் சான்று பகர்கின்றது.

விமானங்களின் நெருக்கம் படத்துக்குப் பொலிவூட்டுவது, ஆபத்தும் அதுவே. 1966 யூன் 8ஆம் திகதி கலிபோர்ணியாவில், விளம்பரப் படத்துக்காக ஐந்து ஜெட் விமானங்கள் அணிவகுத்தபோது இரண்டு மோதின. விமானிகள் இருவர் மாண்டனர். சிறு விமானங்களுக்கும் நியதி ஒன்றே. ஆதலின், சட்டகத்துக்கு வெளியே நின்று இடைவெளி காத்த விமானியின் கட்டுப்பாட்டையும் படைப்பின் கூறாகக் கொள்ளாத மதிப்பீடு குறையுடையதேயாகும்.