காலம், இடம், தோழமை: தினாரிவென் குழுவின் முதல் குறுந்தகடும் கடல் கடந்த பயணமும்

மாலி நாட்டின் வடகிழக்கே, சஹாராவின் பாறைக் குன்றுகளுக்கிடையே அமைந்த சிற்றூர் கிடால். அங்கே ‘திஸ்தாஸ்’ என்ற பெயரில் தமாஷெக் மொழி வானொலி நிலையம் ஒன்று இயங்கியது. அதன் சிறிய அறையொன்றில் பதிவாகி, 2001ஆம் ஆண்டு ஐரோப்பியக் கடைகளுக்கு வந்த குறுந்தகடுதான் ‘தி ரேடியோ திஸ்தாஸ் செஷன்ஸ்’. பாடியோர் துவாரெக் இனத்தவரான தினாரிவென் குழுவினர். மொத்தம் பத்துப் பாடல்கள். அவற்றுள் ஒன்றின் பெயர் ‘பிஸ்மில்லாஹி’. மின்கிதார் ஏந்திய ராக் குழுவொன்றின் பாட்டுக்கு இப்படியொரு பெயரா என்று வியப்போர், அக்குழுவின் வரலாற்றைச் சிறிதேனும் அறிதல் வேண்டும்.

குழுவை நிறுவியவர் இப்ராஹீம் அக் அல்ஹபீப். மாலி அரசுக்கு எதிராக 1963இல் எழுந்த துவாரெக் கிளர்ச்சியின்போது அவருடைய தந்தை கொல்லப்பட்டார். அப்போது நான்கு வயதுச் சிறுவனாக இருந்த இப்ராஹீம் அல்ஜீரியாவுக்கு அகதியாகச் சென்றார். தகரக் குவளை, குச்சி, மிதிவண்டித் தடைக்கம்பி ஆகியவற்றைக் கொண்டு தமது முதல் கிதாரைத் தாமே செய்துகொண்டார். 1970களின் இறுதியில் தமன்ராஸெட் நகரில் ஒத்த நிலையிலிருந்த நண்பர்களோடு சேர்ந்து பாடத் தொடங்கினார். வறட்சி கால்நடைகளைக் கொன்றிருந்தது. வேலை தேடி எல்லை தாண்டித் திரிந்த அந்தத் தலைமுறையை ‘இஷூமார்’ என்றழைத்தனர். வேலையற்றவரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் துவாரெக் நாவில் பெற்ற வடிவம் அது. 1980இல் கத்தாஃபி துவாரெக் இளைஞர்களைப் படைப்பயிற்சிக்கு அழைத்தபோது இவர்களும் லிபியா சென்றனர். ஒரு நாள் தங்கள் மண்ணை மீட்போம் என்ற நம்பிக்கை அந்த முகாம்களில் வளர்ந்தது. பாடல்களும் அங்கேயே வளர்ந்தன.

அக்காலத்தில் அவர்களுக்கு இசைத்தட்டு நிறுவனம் ஏதுமில்லை. வெற்று ஒலிநாடாவைக் கொண்டுவந்து கொடுத்தவருக்கு விலையின்றிப் பதிவு செய்து தந்தனர். அது கைமாறிக் கைமாறிப் படியெடுக்கப்பட்டு, அல்ஜீரியா, நைஜர், மாலி எல்லைகளைத் தாண்டிக் கூடாரம்தோறும் ஒலித்தது. எழுத்தறிவு பரவாத, வானொலியும் நாளிதழும் எட்டாத மக்களுக்கு அந்த ஒலிநாடாவே கடிதம், அதுவே செய்தித்தாள். 1992இல் அபிஜான் நகரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் குழுவினர் சிலர் பதிவு செய்த ஒலிநாடாவும் ஆப்பிரிக்காவுக்கு வெளியே அறியப்படவில்லை. அது உலகச் சந்தைக்கு மறுவெளியீடாக வந்தது 2022இல்தான். ஆகவே 2001இன் குறுந்தகட்டை அவர்களின் ‘முதல் தொகுப்பு’ என்பது ஐரோப்பிய நாட்காட்டியின்படி மட்டுமே சரி.

இத்தகைய இசையை எந்த அளவுகோலால் அளப்பது? மேற்கத்திய விமர்சகர்கள் தங்கள் அளவுகோலைக் கையிலேயே வைத்திருந்தனர். அதைப் பின்னர் காண்போம். நம் மரபிலும் ஓர் அளவுகோல் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் ‘ஸமாஃ’ எனப்படும் இசைச்செவியுறலின் ஒழுங்குகளைப் பேசுமிடத்தில், ஜுனைத் அல்பக்தாதி (ரஹ்) அவர்களின் கருத்தொன்றை எடுத்தாள்கிறார். செவியுறலுக்கு ஸமான், மகான், இக்வான் என மூன்று வேண்டும் என்பது அதன் சாரம். அதாவது உரிய காலம், உரிய இடம், உரிய தோழர்கள். இவற்றை விளக்கும் கஸ்ஸாலி, உலகியல் செருக்கு மிக்கவர் ஒருவர் அவையில் அமர்ந்திருந்தால், அவர்பாற்பட்ட கவனமே மற்றவர்களின் உள்ளத்தைச் சிதைத்துவிடும் என்றும் நுட்பமாகச் சொல்கிறார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுவது நேர்மை. அதே இமாம், குடிகாரர்களின் அடையாளமாக இருந்த நரம்புக் கருவிகளை விலக்கப்பட்டவற்றின் பட்டியலில்தான் வைக்கிறார். அவ்வளவுகோலின்படி கிதாரின் நிலை என்னவென்பதை வாசகர் ஊகிக்கலாம். இப்னு ஹஸ்ம் இதற்கு மாறாக, தடைக்குக் காட்டப்படும் அறிவிப்புகள் ஆதாரபூர்வமானவை அல்ல என வாதிட்டதும் நாம் அறிந்ததே. அவ்விவாதத்தைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. கேட்போர் யார், எங்கே, எப்போது என்பதைக் கொண்டு இசையை எடைபோடும் அந்த மூன்று சொற்களை மட்டும் இங்கே கடனாகப் பெறுகிறோம்.

ஒலிநாடாக் காலத்தில் அம்மூன்றும் பொருந்தியே இருந்தன. பாடியவர் முகாமில் இருந்தார். கேட்டவர் கூடாரத்தில் இருந்தார். இருவருக்கும் இடையே பாலைவனம் கிடந்தது. எனினும் ஒரே மொழி, ஒரே பிரிவு, ஒரே எதிர்பார்ப்பு. திஸ்தாஸ் பதிவிலும் இப்பொருத்தம் பெரும்பாலும் குலையவில்லை என்பதே அக்குறுந்தகட்டின் அருமை. பிரிட்டன் கிதார் கலைஞர் ஜஸ்டின் ஆடம்ஸும், பிரெஞ்சு இசைக்குழுவான ‘லோஜோ’வைச் சார்ந்த ஒலிப்பதிவாளர் ழான் போல் ரோமானும் கருவிகளைச் சுமந்துகொண்டு கிடாலுக்குச் சென்றனர், பாடகர்களைப் பாரிஸுக்கு வரவழைக்கவில்லை. மின்சாரம் சில மணி நேரமே கிடைத்ததால், அது கிடைக்கும் பொழுதே பதிவின் பொழுதாயிற்று. காலத்தை நிர்ணயித்தது கிடால், இடம் கிடால், சுற்றியிருந்தோரும் கிடாலின் மக்களே.

கேட்டுப் பார்த்தால் இது புரியும். மேற்கத்திய ராக் இசைக்கு உயிரான பெருமுரசு வரிசை இதில் இல்லை. ஒரு கிதார் ஒரே சுரத்தை விடாமல் மீட்டிக்கொண்டிருக்க, மற்றொன்று அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறது. ஒட்டகத்தின் நடை என்று இதை வர்ணிப்பது வழக்கமாகிவிட்டது. எளிதில் கிடைக்கும் உவமை என்பதால் நான் அதை ஒதுக்கவே விரும்புகிறேன். எனக்கு இது மத்ரஸாவில் மாணவர் பலர் அவரவர் பாடத்தை அவரவர் வேகத்தில் ஓத, மொத்தத்தில் எழும் ஒரே முழக்கத்தைப் போன்றது. தாளம் கைதட்டலில் இருக்கிறது. ஆண்குரல் பாடுவதைவிடப் பேசுவதற்கு அருகில் நிற்கிறது. உயர்வதற்கு முயல்வதே இல்லை. பெண்களின் குரல் பதில் சொல்கிறது. இடையிடையே அவர்களின் குலவையும் எழுகிறது. துவாரெக் மரபில் ‘திந்தே’ முரசும் ‘இம்ஸாத்’ என்ற ஒற்றை நரம்புக் கருவியும் பெண்கள் கையில் இருப்பவை என்பதை நினைவிற்கொண்டால், அக்குரல்கள் வெறும் அலங்காரமல்ல என்பது விளங்கும். பதிவில் மெருகில்லை. அறையின் சுவர் கேட்கிறது. பிற்காலத் தொகுப்புகளில் இந்தச் சுவர் மறைந்துவிட்டது. எனக்கு அது இழப்பாகவே படுகிறது.

பாடல்களின் பொருளுக்கு வருவோம். ‘இமிதிவாரென்’ என்ற தலைப்பு தோழர்களை விளிப்பது. 2009இல் வந்த தொகுப்பும் தோழர்கள் என்று பொருள்படும் ‘இமிதிவான்’ என்ற பெயரையே தாங்கியது. அரபுக் கஸீதாவைப் பயின்றவர்களுக்கு இவ்விளி பழக்கமானது. ஜாஹிலிய்யாக் காலக் கவிஞன் காதலியின் கூட்டம் பெயர்ந்துபோன பாழிடத்தில் நின்று, உடன்வந்த தோழர்களை விளித்தே தன் துயரைத் தொடங்குகிறான். ‘நஸீப்’ எனப்படும் அத்தொடக்கத்தில் இழந்த இடமும் இழந்தவளும் ஒன்றாகிவிடுவர். தினாரிவென் பாடல்களின் மைய உணர்வுக்கு தமாஷெக்கில் ‘அஸ்ஸூஃப்’ என்று பெயர். ஏக்கம், தனிமை, கூடாரத்தின் நெருப்பொளிக்கு அப்பாலுள்ள வெளி ஆகிய யாவும் அச்சொல்லில் அடங்கும். அரபியின் ‘ஹனீன்’, ‘வஹ்ஷா’ என்னும் இரு சொற்களைச் சேர்த்தால் அதன் அருகில் செல்லலாம். துவாரெக் கவிஞர்கள் முஅல்லகாத்தைப் பார்த்து எழுதினார்கள் என்பது என் வாதமன்று. கூடாரம் பெயர்க்கும் வாழ்வு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இப்படியொரு கவிதை பிறக்க இடமுண்டு என்பதே.

ஐரோப்பிய விமர்சகர்களோ இதற்குப் ‘பாலைவன ப்ளூஸ்’ என்று பெயரிட்டனர். அமெரிக்கக் கறுப்பினத்தாரின் இசைக்கு இது தொலைதூர உறவு என்பது கேட்க இனிமையான செய்தி. ஆனால் 2001இல் வெளிநாடுகளுக்குச் செல்லும்வரை அமெரிக்க ப்ளூஸ் இசையைத் தாங்கள் கேட்டதேயில்லை என்பது குழுவினரின் கூற்று. அவர்கள் கேட்டு வளர்ந்தவை மாலியின் அலி ஃபர்கா தூரே, அல்ஜீரியாவின் ராய் இசை, மொராக்கோவின் நாஸ் அல்கீவான் குழு ஆகியவை. கூடவே கைக்குக் கிடைத்த மேற்கத்திய ஒலிநாடாக்கள். நாஸ் அல்கீவான் என்ற பெயர் அம்மதிப்புரைகளில் அரிதாகவே வந்தது. அரபுலகின் மக்கள் பாடகர்களைத் தாண்டிக்கொண்டு மிசிசிப்பிக்குப் பாலம் கட்டுவது, கேட்பவரின் வசதிக்காகச் செய்யப்பட்ட காரியம். ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் கிதார் என்ற கதையும் அத்தகையதே. அதில் உண்மை உண்டு. குழுவினர் சிலர் 1990இன் கிளர்ச்சியில் போரிட்டவர்கள்தாம். ஆனால் 1996 மார்ச்சில் திம்புக்துவில் ஏறத்தாழ மூவாயிரம் ஆயுதங்கள் எரியூட்டப்பட்டுச் சமாதானம் கொண்டாடப்பட்ட பின்னரே இக்குறுந்தகடு பிறந்தது. இதில் ஒலிப்பது போரின் குரலன்று. போர் முடிந்தும் திரும்ப வாழ்வு வாய்க்காதவர்களின் குரல்.

2001 ஜனவரியில் கிடால் பகுதியிலுள்ள தின் எஸ்ஸாகோவில் முதல் ‘பாலைவனத் திருவிழா’ நடந்தது. குறுந்தகட்டின் இறுதிப் பாடல் அவ்வூரின் பெயரையே தாங்கி, அவ்விழா மேடையிலேயே பதிவானது. என் செவிக்கு இது ஒரு வாசற்படி. அதற்கு முந்தைய ஒன்பது பாடல்களில் தோழர்கள் அறைக்குள் இருக்கிறார்கள். பத்தாவதில் அந்நியரும் வந்து அமர்ந்துவிட்டார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் குழு டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவிலும் பிரிட்டனின் வோமாட் விழாவிலும் பாடியிருந்தது. பின்னர் அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா எனப் பயணம் நீண்டது. 2005இல் பி.பி.சி. மூன்றாம் வானொலியின் உலக இசை விருது, 2007இல் அயர்லாந்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நிகழ்ச்சிக்கு முன்னதாக மேடை, 2012இல் கிராமி விருது.

ஜுனைதின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் மூன்றும் தலைகீழாகின்றன. காலத்தை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் வகுக்கிறார். இடம் திறந்தவெளித் திடல். எதிரே நிற்கும் ஆயிரக்கணக்கானோருக்குப் பாட்டின் ஒரு சொல்லும் விளங்காது. தோழர்களே என்று விளித்தால் திரும்பிப் பார்ப்பவர் எவருமிலர். செய்தியாக இருந்த பாட்டு, ஒலியாக மட்டும் எஞ்சுகிறது. முகத்திரையின் கதியும் இதுவே. இப்னு கல்தூன் காலத்திலிருந்தே சஹாராவின் ஸன்ஹாஜா மக்கள் ‘முலஸ்ஸமூன்’, முகத்திரையினர், என்று அறியப்பட்டவர்கள். துவாரெக் ஆண்மகன் பெரியோர் முன்னும் அந்நியர் முன்னும் வாயை மறைப்பது நாணத்தின் அடையாளம். சுவரொட்டியில் அது வேடமாயிற்று. நிறுவனரான இப்ராஹீம் மட்டும் பெரும்பாலும் தலைப்பாகையின்றி, கலைந்த முடியோடே மேடையில் நிற்பவர் என்பதை ஏனோ பலர் கவனிப்பதில்லை.

இருப்பினும், பயணம் இவ்விசையைக் கெடுத்துவிட்டது என்று ஒரேயடியாகச் சொல்ல என்னால் இயலவில்லை. இப்பாடல்கள் ஊரில் பிறந்தவையல்ல. லிபிய முகாமிலும் அல்ஜீரிய நகரங்களிலும், அயலகத்தில், ‘குர்பத்’தில் பிறந்தவை. இசைப்பயணம் அவர்களுக்குப் புதிய குர்பத் ஒன்றைத் தந்தது. 2004இல் வந்த இரண்டாம் தொகுப்பின் பெயர் ‘அமஸ்ஸாகூல்’, அதாவது பயணி. கிதார்கள் அதில் தடிக்கின்றன, அமைப்பு இறுகுகிறது, திறமையான வேலைதான். ஆனால் திஸ்தாஸ் அறையில் குரலும் கைதட்டலும் ஒன்றையொன்று எதிர்பார்த்துக் காத்திருந்த அந்தத் தயக்கம் அதில் இல்லை. மொழியறியாத கூட்டத்தின் முன் மௌனத்துக்கு இடம்விட முடியாது போலும்.

இவ்வளவையும் எழுதும்போது ஒரு கசப்பையும் எழுத வேண்டியிருக்கிறது. 1990இன் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவரும், அந்நாட்களில் இவ்விசைஞர்களுக்கு நெருக்கமாக இருந்தவருமான இயாத் அக் காலி, 2012இல் ‘அன்ஸார் தீன்’ என்ற ஆயுதக் குழுவின் தலைவராகத் திரும்பி வந்தார். வட மாலியைக் கைப்பற்றிய ஆயுதக் குழுக்களின் ஆட்சியில் இசை தடைசெய்யப்பட்டது, கருவிகள் எரிக்கப்பட்டன, திம்புக்துவின் இறைநேசர்களுடைய அடக்கத்தலங்கள் இடிக்கப்பட்டன. 2013இன் தொடக்கத்தில் தினாரிவெனின் கிதார் கலைஞர் ஒருவரே பிடித்துச் செல்லப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார். ஸமாஃ பற்றி நம் இமாம்கள் நூற்றாண்டுகளாக நடத்திய விவாதத்தில் கஸ்ஸாலியும் இப்னு ஹஸ்மும் இப்னுல் ஜவ்ஸியும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். ஆனால் எழுதுகோலோடு நின்றார்கள். தீப்பந்தம் ஏந்தியவர்களுக்கு அந்நூல்களைப் புரட்ட நேரமிருந்திருக்காது.

அதற்குப் பின் நிலைமை விசித்திரமானது. தோழமையற்றது என்று நாம் குறைகூறிய வெளிநாட்டு மேடையே அவர்கள் தடையின்றிப் பாடக்கூடிய இடமாயிற்று. 2014இல் வெளிவந்த ‘எம்மார்’ தொகுப்பைக் கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பாலைவனத்தில் பதிவு செய்தார்கள். மணல் இருந்தது, பாறை இருந்தது. குலவையிடும் கிடால் பெண்கள் இல்லை. 2023இல் வந்த ‘அமத்ஸூ’ தொகுப்புக்காக அல்ஜீரியத் தென்பாலைவனத்தின் ஜானெட்டில் கூடாரம் அமைத்துப் பதிவு செய்தனர். அதே ஆண்டு நவம்பரில் மாலி இராணுவம் கிடாலுக்குள் நுழைந்தது. நகரவாசிகள் பலர் முன்னதாகவே எல்லையை நோக்கிப் புறப்பட்டிருந்தனர்.